மூன்றாம் தரம் கூப்பிட்டது

விதானையாரைத் திரும்பக் கூட்டிவரும் வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம், எனக்கும் அவருக்கும் இடையில் மனக்கசப்பு எதுவும் இல்லை என்பதுதான். எங்கள் வாய்க்காலில் காணி வைத்திருந்த மற்ற எல்லாருக்கும் அவர் முகத்தைப் பார்க்க ஒரு கூச்சம் இருந்தது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. ஆண்டைச் சரியாக எழுதவே விருப்பம். ஆனால் அண்ணர் ஓர் ஆண்டைச் சொல்கிறார், நான் இன்னோர் ஆண்டைச் சொல்கிறேன், இருவரிடமும் சான்று இல்லை. சான்றில்லாத ஆண்டை எழுதுவதை விட எழுதாமல் விடலாம். மாதம் வைகாசி, அதில் எங்களுக்குள் தகராறு இல்லை. காண்டாவனம் என்கிற கடும் வெயில். முரசுமோட்டையில் கோடைப் பயிரான சிறுபோகத்தின் விதைப்பு முடிந்து முதல் தண்ணீரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணரின் காணியில் பாதியை அப்போது நான் செய்துகொண்டிருந்தேன். அது வாய்க்காலின் கடைசிக் காணி. முந்திய இரண்டு சிறுபோகமும் எங்களுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. நெற்காணிச் சட்டம் வந்து, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை என்ற பதவி போய், குழு என்றொன்று வந்திருந்தது. குழு வைத்த தண்ணீர்க்காரர், சாராயம் வாங்கிக் கொடுத்தவரின் வயலுக்கு முதலில் மடையைத் திறந்தார். மேல் காணிகள் குளம்போல நிற்க, கடைசிக் காணிகள் வெடித்துக் கிடந்தன. பழைய விதானையார் வந்தால்தான் இந்தப் போகமாவது தப்பும் என்று கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் போய்க் கேட்க ஒருவரும் எழும்பவில்லை.

“நீ போ. உனக்குத்தான் அவரோடை கதை இருக்கு” என்றார் அண்ணர்.

அண்ணரின் மனைவி, என் மச்சாள், குசினிக்குள் இருந்தபடி சொன்னா: “கூட்டத்திலை கை தூக்கின ஆக்கள் ஆரும் போகக்கூடாதோ?”

அண்ணர் கேளாதவர்போல மண்வெட்டிப் பிடிக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார்.

காலை ரயிலில் வவுனியாவுக்குப் போனேன். விதானையார் அங்கே மகள் வீட்டில் இருந்துகொண்டு, ஒரு நெல் ஆலையில் மூட்டைகளுக்குக் காவலாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை, ஆலை பூட்டியிருந்தது. வாசலில் ஒரு சாக்கை விரித்து, சட்டை இல்லாமல், தோளில் துவாயோடு இருந்தார். மெலிந்திருந்தார். ஒருகாலத்தில் வாய்க்காலின் இந்தக் கரையில் நின்று பேசினால் அந்தக் கரையில் உழுதுகொண்டிருப்பவன் திரும்பிப் பார்ப்பான். இப்போது குரலில் ஒரு கரகரப்பு.

வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் சாக்கில் எனக்கு இடம் விட்டு ஒதுங்கினார்.

“சாப்பிட்டனீரோ?” என்றார். பிறகு, “இரணைமடுக் குளத்திலை தண்ணி எவ்வளவு நிக்குது?” என்றார். பிறகு ஆலைக் கூரையில் இருந்த புறாக்களைப் பற்றிக் கதைத்தார். நான் திரும்பவும் கேட்டபோது, “பின்னேரம் சொல்லுறன். ரயிலுக்கு நேரம் கிடக்குத்தானே” என்றார். எனக்கு அலுத்துவிட்டது. முதல் நாள் முழுக்க வரம்பு கட்டிய முதுகு. ரயிலில் நின்றபடி வந்த கால். வெறும் கையோடு திரும்பிப் போய் ஊரில் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லப்போவதை நினைக்கவே களைப்பு வந்தது.

வெயில் தாழும்வரை நேரம் போக்குவோம் என்று கடைத்தெருப் பக்கம் போனோம். படமாளிகை மதிலில் ஒட்டியிருந்த விளம்பரத்தைக் கண்டு நான் நின்றுவிட்டேன். பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம், திரும்பவும் வந்திருக்கிறது. பேய்ப்படங்களைப் பற்றிக் கதை எடுத்தால் யாரும் முதலில் சொல்லும் படங்களில் அது ஒன்று. பெயர் இங்கே வேண்டியதில்லை.

“என்ன தம்பி?”

“இந்தப் படந்தான், விதானையார். அண்டைக்கு ஊரே வண்டில் கட்டிப் போய்ப் பாத்தது.”

அவர் விளம்பரத்தில் தலைவிரித்து நின்ற பெண்ணை நெடுநேரம் பார்த்தார். “இவவோ?” என்றார். “நான் ஒருநாளும் பாக்கேல்லை. அந்தக் கிழமை முழுக்க எனக்குத் தண்ணி வேலை. வாரும், பாப்பம்.”

அந்தப் படத்துக்கும் அவருக்கும் உள்ள தொடர்பை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஐம்பதுகளின் இரண்டாம் பாதியில், நெற்காணிச் சட்டத்துக்கு முந்திய ஒரு சிறுபோகத்தில், கிளிநொச்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு கூடாரப் படக்காரர் வந்து இறங்கினார். ஆனி மாதக் கடைசி, கதிர் தள்ளுமுன் நெல் குடலையாக நிற்கும் பருவம். அப்போது எனக்குக் காணி இல்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் எழுதுவினைஞனாக இருந்தேன். எங்கள் முரசுமோட்டைக் குடியேற்றத்தில் ஏறக்குறைய எல்லாருமே வண்டில் கட்டிப் போய் அந்தப் படத்தைப் பார்த்தோம். பேய்க் கதைகளைத் தேடிப் படிப்பவன் நான். ஆங்கிலக் கதைகளும் படித்திருந்ததால் கொஞ்சம் இளக்காரத்தோடுதான் போய் மணலில் குந்தினேன்.

கதை சின்னது. பட்டணத்தில் படித்த ஒருவன் காட்டோரத்துப் பங்களா ஒன்றை வாங்கிக் குடிவருகிறான். பக்கத்துக் குளத்தில் விழுந்து செத்த ஒரு பெண் இரவில் வாசலில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். சமையற்காரன் அவனை எச்சரிக்கிறான்: மூன்றாம் தரம் கூப்பிடும்வரை திறக்காதே, பேய்க்கு மூன்றாம் தரம் கூப்பிட ஏலாது.

அதைக் கேட்டதும் கூடாரம் முழுவதும் ஓர் உடன்பாட்டு முணுமுணுப்பு எழுந்தது. ஏனென்றால் அது எங்கள் வழக்கம். இரவில் வாசல் படலையில் நின்று யார் கூப்பிட்டாலும் முதற் குரலுக்கும் இரண்டாம் குரலுக்கும் எங்கள் ஆட்கள் வாய் திறப்பதில்லை. மூன்றாவது கேட்டால் மனிதர். “ஓம்” என்று எழும்புவார்கள். காட்டை வெட்டி வந்து இருந்தவர்களுக்கு இரவைச் சமாளிக்கக் கையிலிருந்த ஒரே விதி அதுதான்.

படத்தில் அந்த இரவு வருகிறது. கைவிளக்கு அணைகிறது. பெண் கூப்பிடுகிறாள். அவன் அசையவில்லை. இரண்டாம் தரம் கூப்பிடுகிறாள். அவன் கை தாழ்ப்பாளுக்குப் போகிறது. உடனே திரை முழு இருட்டு. ஒரு சத்தமும் இல்லை. கூடாரத்தில் யாரும் மூச்சு விடவில்லை. அந்த இருட்டு நெடுநேரம் நின்றது. பிறகு திரும்ப அவன் முகம், திரும்ப அவளுடைய குரல், மூன்றாம் தரம். அவன் கை திரும்பவும் தாழ்ப்பாளுக்குப் போகிறது, இம்முறை திறக்கிறான். அடுத்த காட்சியில் அவன் குளத்தில் மிதக்கிறான்.

எங்களுடைய விதியை ஒழுங்காகக் கைக்கொண்டவனைப் பேய் கொன்றுவிட்டது.

அடுத்த நாள் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்றவர்களுக்கு வேறு கதை இல்லை.

“அப்ப இனி நாலு எண்டு வைப்பம்” என்றார் ஒருவர்.

“மூண்டு கூப்பிட்டது நாலு கூப்பிடாதோ? அதுக்கென்ன, தொண்டை நோகப்போகுதோ?”

“உள்ளுக்கிருந்து ஒரு கேள்வி கேக்கவேணும். கூப்பன் அரிசி என்ன விலை எண்டு கேட்டா பேய் முழிக்கும்.”

“உனக்கே தெரியாது. நீயும் பேயோ?”

சிரித்தார்கள். ஆனால் அன்றிலிருந்து பொழுதுபட்டால் படலைகள் கட்டப்பட்டன. இரவில் கூப்பிட்டால் குரல் கொடுப்பதில்லை என்று வீட்டுக்கு வீடு முடிவாகிவிட்டது. கூட்டம் போட்டு எடுத்த முடிவல்ல. அதனால் அதை விதானையாருக்கு யாரும் அறிவிக்கவும் இல்லை.

அவருடைய வேலையே இரவில் கூப்பிடுவதுதான். எங்கள் குடியேற்றத்தில் வீடு மேட்டுக்காணியில், வயல் தூரத்தில். குளத்தில் தண்ணீர் குறைந்த காலங்களில் முறை வைத்து விடுவார்கள். எந்த வயலுக்கு எந்நேரம் தண்ணீர் வந்து சேரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வந்ததும் விதானையார் அந்தந்த வீட்டுப் படலைக்கு நடந்து வந்து, பெயர் சொல்லி மூன்று தரம் கூப்பிடுவார். “ஓம்” கேட்டபிறகு அடுத்த படலைக்குப் போவார். காணிக்காரர் மண்வெட்டியோடு ஓடிப்போய் வரம்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பவேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

ஆடியில் கதிர் வெளிவந்து பறியும் நேரம், அந்தப் போகத்தின் கடைசித் தண்ணீரை விட்டார்கள். விதானையார் படலை படலையாகக் கூப்பிட்டார். ஒருவர்கூட “ஓம்” சொல்லவில்லை. அவர் இன்னும் பலமாகக் கூப்பிட்டார். கூடக் கூடக் கூப்பிட, உள்ளே படுத்திருந்தவர்களுக்கு அது பேய்தான் என்பது உறுதியாயிற்று. மேலே இருந்த ஒருசில வயல்களுக்கு அவரே தனியாக மண் வெட்டித் தண்ணீரைத் திருப்பினார். மிச்சம் கழிவாற்றில் போனது. விடியக் குளத்துத் துருசைப் பூட்டித் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள்.

அறுவடையில் பாதிக்கு மேல் பதர். காணி அலுவலர் வந்து பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார். கேள்வி ஒன்றுதான்: விதானையார் கூப்பிட்டாரா, இல்லையா? கூப்பிடவில்லை என்றால் பதவி போகும்.

கூப்பிட்டார் என்று சொல்வதென்றால் ஏன் எழும்பவில்லை என்றும் சொல்லவேண்டும். நிலத்தைப் பிளந்து வயலாக்கிய ஆண்கள், ஒரு படத்துக்குப் பயந்து போர்வைக்குள் கிடந்தோம் என்று கொழும்பில் படித்த ஓர் அலுவலருக்கு முன்னால் எப்படிச் சொல்வார்கள்?

“கூப்பிட்டிருந்தா என்ரை நாய் குலைச்சிருக்கும்” என்றார் ஒருவர்.

“உன்ரை நாய் உன்னோடை கட்டிலுக்குக் கீழை எல்லோ கிடந்தது” என்று பின்னால் ஒரு குரல். யாரென்று தெரியவில்லை.

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து மச்சாள் சொன்னா: “அவர் கூப்பிட்டவர், ஐயா. எங்கடை படலையிலை ஐஞ்சு தரம் கூப்பிட்டவர். நான் முழிச்சுக் கிடந்து எண்ணினனான்.”

“நீ சும்மா இரு” என்றார் அண்ணர்.

காணியின் அனுமதிப்பத்திரம் அண்ணரின் பெயரில். அலுவலர் அண்ணரைக் கேட்டார். அண்ணர் தரையைப் பார்த்து, “எனக்குத் தெரியாது, நித்திரை” என்றார். கூட்டம் கலையுமுன் நான் அலுவலரிடம் தனியாகப் போய்ப் படத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். “இதையெல்லாம் எப்படி எழுதுவது?” என்று கேட்டுவிட்டுப் பேனையை மூடினார். கூப்பிடவில்லை என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது காணிக்காரர் எல்லாருடைய கையும் மேலே போனது. விதானையார் ஒரு சொல்லும் சொல்லாமல் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அந்த மாதத்துக்குள் ஊரை விட்டே போய்விட்டார்.

அதன் பிறகு, வவுனியாவில் அன்றைக்குத்தான் அந்தப் படத்தை நான் இரண்டாம் தரம் பார்க்கிறேன், அதுவும் அவருக்குப் பக்கத்தில் இருந்து.

பகல் காட்சி, ஆட்கள் குறைவு. மின்விசிறி கரகரவென்று சுற்றி, வெக்கையைத்தான் முகத்தில் அடித்தது. முன்பு மணலில் குந்தியிருந்து நடுங்கிப் பார்த்த காட்சிகள் இப்போது மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்தன. பேயின் தலைமயிர் பொய்மயிர் என்று தெரிந்தது. நிலா ஒரு தட்டு. கதாநாயகனுக்கு நான் நினைத்திருந்ததை விட வயது கூட. கண்ணுக்குக் கீழே சுருக்கம். என்னுடைய கண்ணும் சொக்கியது.

விதானையார் மட்டும் நிமிர்ந்து இருந்தார். குளக் காட்சி வந்தபோது என் காதருகே குனிந்தார்.

“இந்தக் குளத்துக்குத் துருசு எங்கை?”

“இது படக்குளம், விதானையார்.”

“குளக்கட்டும் சரியில்லை. ஒரு மாரிக்கு நிக்காது.”

அந்த இரவுக் காட்சி வந்தது. கைவிளக்கு அணைந்தது. பெண் கூப்பிட்டாள். அவன் அசையவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டாள். அவன் கை தாழ்ப்பாளுக்குப் போனது. நான் அந்த நெடிய இருட்டுக்காகக் காத்திருந்தேன். இருட்டு வரவில்லை. அவன் திறந்துவிட்டான். அடுத்த காட்சியில் குளத்தில் மிதந்தான். சமையற்காரன் தலையில் அடித்து அழுதான்: “ரெண்டாவது குரலுக்கே திறந்துட்டீங்களே, எஜமான்!”

நித்திரை கலைந்துபோனது.

முதலில், இந்தப் பிரதியில் ஒரு துண்டு வெட்டுப்பட்டிருக்கவேண்டும் என்று நினைத்தேன். பழைய படங்கள் அப்படித்தான் தேய்ந்து வரும். ஆனால் சமையற்காரனின் வார்த்தையை என்ன செய்வது? கூடாரத்தில் அந்த இடத்தில் பெண்கள் வீரிட்டு அலறிக்கொண்டிருந்தார்கள். அவன் சொன்னது ஒருவருக்கும் கேட்டிராது. பிறகு தாழ்ப்பாளுக்குப் போன கை நினைவுக்கு வந்தது. கூடாரத்தில் அது இரண்டு தரம் போனது, ஒரே சாய்வில், மோதிரம் ஒரே மாதிரி மின்னி. அந்தத் தயக்கத்தைத்தான் பெரிய நடிப்பு என்று கிழமைக்கணக்காகச் சங்கக்கடையில் நின்று வியாக்கியானம் பண்ணியவன் நான். அது நடிப்பே அல்ல. அந்த இடத்தில் படச்சுருள் அறுந்திருக்கிறது. அறுந்தால் ஒட்டி, கொஞ்சம் முன்னாலிருந்து திரும்ப ஓட்டுவார்கள். மற்ற நாட்களில் திரை இருண்டால் விசில் அடிக்கும் கூட்டம், அன்று இருட்டையும் கதை என்று நம்பி வாயடைத்து இருந்தது. ஆகவே இரண்டாம் குரலையே நாங்கள் இரண்டு தரம் கேட்டோம். உண்மையில் அந்தப் படம் எங்கள் விதியைத்தான் சொல்லியது. மூன்றாம் தரம்வரை பொறுக்காதவன் செத்தான், அவ்வளவுதான் கதை.

இதை அவருக்குச் சொல்வதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்து இனி அவருக்கு என்ன? ஆனால் புகையிரத நிலையத்துக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக்கடையில் அவரே கேட்டார்.

“தம்பி, மூண்டு தரம் கூப்பிட்டதெண்டெல்லே எங்கடை சனம் சொன்னது? நான் ரெண்டுதான் கேட்டன்.”

சொன்னேன். அறுந்ததையும், ஒட்டியதையும், இருட்டையும், அந்தப் பயத்தில் சனம் படலை திறக்காமல் கிடந்ததையும். அவர் கோப்பையை வாயருகே பிடித்தபடி கேட்டார்.

“அப்ப மூண்டாவது கூப்பிட்டது?”

“மிசின்தான், விதானையார்.”

அவர் தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

“எனக்கு அண்டையிலிருந்து ஒரு ஐமிச்சம் இருந்தது, தம்பி. காத்து வளம் பாராமல் கூப்பிட்டிட்டனோ, குரல் போகேல்லையோ எண்டு. சோளகக் காத்தெல்லே அடிச்சது. கூட்டத்திலை அதுதான் நான் வாய் திறக்கேல்லை. உம்மடை மச்சாள் சொன்னது எனக்குக் கேட்டது. ஆனா அவா என்னிலை இரங்கிச் சொல்லுறா எண்டு நினைச்சிட்டன்.”

“அவா எண்ணினவா. இப்பவும் அதையேதான் சொல்லுவா.”

“எல்லாருக்கும் கேட்டதோ?”

“எல்லாருக்கும்.”

இத்தனை ஆண்டுகளாக, ஆலை வாசலில், தன் குரல்தான் எட்டவில்லை என்று எண்ணிக்கொண்டு ஒரு மனிதன் இருந்திருக்கிறான். படத்தின் கதையை ஊரே சொன்னது. அவருக்குச் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை.

ரயில் வரும் சத்தம் கேட்டபோது எழும்பினார்.

“வாறன் எண்டு சொல்லும். ஆனா கூப்பிடமாட்டன். ஒருத்தற்றை படலைக்கும் போகமாட்டன். இண்டைக்குத் தண்ணி எண்டு பகலிலை வாசிகசாலையிலை சொல்லுவன். வேணுமெண்ட ஆக்கள் சாக்கைக் கொண்டுவந்து வாய்க்கால் கரையிலை படுக்கட்டும். சம்மதமெண்டா ஒரு ஆளை அனுப்பும்.”

ஊரில் இதைச் சொன்னபோது ஒரே புறுபுறுப்பு.

“பகல் முழுக்க முறிஞ்சுபோட்டுக் கரையிலை போய்ப் படுக்கிறதோ? பாம்புக்கும் நுளம்புக்கும்?” என்றார் அண்ணர்.

“கூப்பிட எழும்பாத ஆக்களுக்குப் பிறகென்ன, பாயோ போடுறது?” என்றா மச்சாள்.

அதோடு அந்தக் கதை முடிந்தது. ஆள் அனுப்பினோம். முதல் தண்ணீருக்கு அவர் வந்துவிட்டார்.

அந்த இரவு நாங்கள் எல்லாரும் வாய்க்கால் கரையில் வரிசையாகக் கிடந்தோம், வேலைக்கு வந்து களைத்து விழுந்த கூலிகள் மாதிரி. நுளம்பு அடிக்கும் சத்தம் மட்டும். விதானையார் கையில் லாம்போடு கரை நெடுக நடந்தார். தண்ணீர் வந்த இடத்தில் படுத்திருந்தவரின் காலை மண்வெட்டிப் பிடியால் ஒருமுறை தட்டுவார், நடப்பார். மேல் காணிகள் முடிந்து கடைசியாக எங்களிடம் வந்தார். தட்டுமுன்பே அண்ணர் எழுந்து இருந்தார். அவர் நித்திரையே கொள்ளவில்லை என்று எனக்குத் தெரியும்.

“விதானையார்” என்றார் அண்ணர். மண்வெட்டியைக் கையில் எடுத்தார். “அண்டைக்கு நீங்கள் கூப்பிட்டது கேட்டது.”

விதானையார் லாம்பைக் கீழே வைத்தார்.

“தெரியும்” என்றார். “மண்ணை வெட்டும், தண்ணி போகுது.”

அண்ணர் வெட்டினார். நானும் மற்றப் பக்கம் இறங்கினேன். இடுப்பு நோவெடுத்தது. தண்ணீர் மெதுவாக, வெடித்த மண்ணைக் குடித்துக் குடித்து, எங்கள் வயலுக்குள் வந்தது.